நங்கூரத்தைப் போய்ப் பார்த்தவர்

செத்தவர்களைக்கூட அவர் இலேசில் சாகவிடமாட்டார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் கூடும் கோப்பிக் கடையில் யாராவது வந்து, இன்னாருடைய தமையன் ஊரில் இறந்துபோனாராம் என்று சொன்னால் மற்றவர்கள் "ஐயோ" என்பார்கள். அவர் கோப்பிக் குவளையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்.

"பாத்தனியோ, கேட்டனியோ?"

"கேட்டதுதான் அண்ணை."

"ஆரிட்டை?"

"மச்சான் சொன்னவன்."

"மச்சான் பாத்தவனோ?"

செய்தி கொண்டுவந்தவனுக்குக் கோபம் வந்துவிடும். சாவுச் செய்தி சொன்னவனைக் குறுக்கு விசாரணை செய்வது எங்கள் வழக்கமில்லை. அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. யாராவது ஒருவர் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லும்வரை அந்த மனிதர் அவருடைய கணக்கில் உயிரோடுதான் இருப்பார்.

நானும் அவரும் ஒன்பது வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தோம். ரொறன்ரோ ஏரிக்கரையில் பாய்ப்படகுகளைத் திருத்துகிற யார்ட் அது. எனக்குப் படகின் அடிப்பகுதியைத் தேய்த்துப் பூசிப் பெயின்ற் அடிக்கும் வேலை. அவர் பாய்மரம் ஏறுகிறவர். மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் இரும்புக் கம்பிகளைச் சோதிப்பதும் மாற்றுவதும் அவர் பொறுப்பு. வடமராட்சிக் கரையில் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி, பதினைந்து வருடம் உலகத்தைச் சுற்றிவிட்டுக் கனடாவில் இறங்கியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் இருந்தார்.

ஒரு மரத்தை நேற்றுத்தான் வேறொருவர் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இவர் இன்று மறுபடி ஏறுவார். மனேச்சர் கீழே நின்று கத்துவார். இவர் மேலேயிருந்து, "அவர் பாத்தவர். நான் பாக்கேல்லை" என்று தமிழிலேயே பதில் சொல்வார். மனேச்சருக்கு விளங்காது. விளங்காமலே ஒன்பது வருடம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்.

நாங்கள் வீடு வாங்க அலைந்த நாட்களில் ஒரு வீடு எல்லா வகையிலும் பொருந்தி வந்தது. சோதிக்க வந்தவரும் நல்ல வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல மழை பெய்த ஒரு காலையில் இவர் என்னோடு வந்தார். பேஸ்மென்றுக்கு இறங்கினார். சேட்டைக் கழற்றினார். வெறும் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கால்மணி நேரம் நிலத்தில் இருந்தார். வீடு காட்டிய பெண் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு எழும்பி, "உந்த வீட்டை வாங்காதை. சுவருக்குள்ளை தண்ணி நிக்குது" என்றார். அவருடைய முதுகை நம்பி அந்த வீட்டை விட்டோம். அதை வாங்கின குடும்பம் அடுத்த வசந்தத்தில் அந்தச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். இருபத்திரண்டு வயதில் அவர் கப்பலில் இருந்தபோது, தகப்பன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்ததாம். கப்பலிலேயே மொட்டையடித்து, கடலில் சோறு கரைத்து, முப்பத்தொரு நாள் மீன் தொடாமல் இருந்தாராம். நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போனால், பஸ்ஸால் இறங்கின இடத்தில் தகப்பன் சைக்கிளோடு நிற்கிறார். அதே பெயருள்ள இன்னொருவனுக்கு வந்த தந்தி அது.

"என்னைக் கண்டதும் அப்பா, 'ஏன்ரா தலைமயிரை ஒட்ட வெட்டினனி?' எண்டு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த மற்றவன் நாலு மாசமாத் தகப்பன் இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருப்பான், என்ன?" என்றார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. பத்து வயது இளையவள். தாய் நேரத்தோடு இறந்துபோனதால், கப்பலுக்குப் போகும்வரை அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர் இவர்தான். அவள் கிளிநொச்சியில் ஆசிரியை. புருசன் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு மகள். சண்டை கிளிநொச்சிக்கு வந்தபோது தாயும் மகளும் எல்லோரோடும் சேர்ந்து கிழக்கே நகர்ந்தார்கள். நகர்ந்து நகர்ந்து, 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடலுக்கும் ஏரிக்கும் இடையிலிருந்த அந்த மணல் துண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கப்பால் நகர இடமில்லை.

அங்கே ஒரு தபால்கந்தோர்க்காரரிடம் சற்றலைற் போன் இருந்தது. அதிலிருந்து அவள் மூன்று தடவை கதைத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம். "அண்ணை, இருக்கிறம்." அவ்வளவுதான் செய்தி. அவர் போனை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். மரத்தின் உச்சியிலும் அது அவர் கழுத்தில் தொங்கியது.

அந்தச் சித்திரை மாதம் ஸ்காபரோவில் யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. வேலை முடிந்ததும் எல்லோரும் நகரத்துக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்றோம். பிள்ளைகள், கிழவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். அவரும் ஒருநாள் விடாமல் வந்தார். ஒரு மாலையில் ஒரு பையன் அவரிடம் ஒரு மட்டையைக் கொடுத்தான். இத்தனை ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "உந்தக் கணக்கை ஆர் எண்ணினது?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவர் நெஞ்சில் கைவைத்து இவரைத் தள்ளினார். "எங்கடை சனம் சாகுது, நீ கணக்குக் கேக்கிறியோ? நீ ஆற்றை ஆள்?"

அவர் தள்ளாடி நின்றார். கோபப்படவில்லை. "அதுக்குள்ளை என்ரை தங்கச்சியும் இருக்கோ எண்டு கேக்கிறன்" என்றார். பிறகு மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு அதே இடத்தில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நிற்காமல் கொஞ்சம் விலகி நின்றேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பல் வைத்தியர் இருந்தார். ஓய்வுபெற்றவர். தன் படகைக் குளிர்காலம் முழுவதும் கரிபியன் கடலில் வைத்திருப்பார். புயல்காலம் தொடங்கமுன் அன்ரிகுவா தீவிலிருந்து அதைத் தெற்கே கொண்டுபோய்க் கரையேற்றவேண்டும். அதற்கு யார்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போவார். அந்த வருடம் எங்கள் இருவரையும் கேட்டிருந்தார். மாசியில் இவர் ஓம் என்றார். வைகாசி பிறந்ததும் மாட்டேன் என்றார். தங்கச்சியின் குரல் கேட்டு இருபது நாள் கடந்திருந்தது.

நான்தான் வற்புறுத்தினேன். இங்கே இருந்தால் ஆளுக்கொரு கதை சொல்லி உங்களை விசராக்கிவிடுவார்கள் என்றேன். போன் அங்கேயும் வேலை செய்யும் என்றேன். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் அதைச் சொன்ன காரணம் வேறு. இவர் வராவிட்டால் என்னையும் கூட்டிப்போகமாட்டார்கள். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தவன். கடலைப் பார்த்துப் பத்தொன்பது வருடமாகியிருந்தது.

"போன் கட்டாயம் எடுபடுமோ?" என்று கேட்டார்.

"எடுபடும் அண்ணை."

"நீ பாத்தனியோ?"

"டொக்டர் போன மாசம் அங்கையிருந்துதான் என்னோடை கதைச்சவர்."

அதில் பிழை பிடிக்க அவரால் முடியவில்லை. வந்தார்.

தீவின் வடக்கே படகில் ஏறி, அரைநாள் ஓடி, தெற்கே இங்கிலீஷ் ஹாபர் என்ற துறைமுகத்துக்குள் நுழைந்தோம். வாய் சிறுத்த துறைமுகம். ஒரு பக்கம் இடிந்த கோட்டைச் சுவர். உள்ளே பாய்க்கப்பல் காலத்தில் இங்கிலாந்துக் கடற்படை கட்டிய கல் கட்டடங்கள். அவற்றின் முன்னால் கோடீஸ்வரர்களின் படகுகள் பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து வரிசையாக நின்றன. எங்களைப் போன்ற சின்னப் படகுகள் வாயிலுக்குப் பக்கத்துக் குடாவில் நங்கூரம் போடவேண்டும். அங்கே ஐம்பது அறுபது படகுகள் நெருக்கியடித்து நின்றன. மலைகளில் மோதித் திரும்பும் காற்று நிலையில்லாமல் சுற்றியதால் ஒவ்வொரு படகும் ஒவ்வொரு திசையைப் பார்த்தது. கொஞ்சம் கவனம் தப்பினால் ஒன்றின் பின்பக்கம் இன்னொன்றின் விலாவில் இடிக்கும்.

டொக்டர் சுக்கானில். அவர் முன்முனையில் சங்கிலியோடு. நான் நடுவில், ஒருவர் சொல்வதை மற்றவருக்குக் கத்துவதற்காக. முதல் தடவை நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற பிரெஞ்சுக்காரன் ஒருவன் வெளியே வந்து, இரண்டு கைகளையும் விரித்து ஏதோ கத்தினான். சங்கிலியை முழுவதும் ஏற்றி, சுற்றிவந்து, இரண்டாந்தரம் போட்டோம். டொக்டர் எஞ்சினைப் பின்னுக்குக் கொடுத்தார். சங்கிலி இறுகியது. படகு அசையாமல் நின்றது. டொக்டர் கட்டைவிரலை உயர்த்தினார்.

இவர் சங்கிலியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"என்ன அண்ணை? பிடிச்சிட்டுதுதானே?"

"பிடிச்சிருக்கு. என்னத்தைப் பிடிச்சிருக்கு எண்டு தெரியேல்லை." சங்கிலி கையில் கிறுகிறுவென்று அதிர்கிறது, மணலென்றால் அப்படி அதிராது என்றார்.

டொக்டருக்கு அலுத்துவிட்டது. கரைக்குப் போய்க் காகிதங்கள் முடிக்கவேண்டும், மூன்று மணிக்குக் கந்தோர் பூட்டிவிடும் என்றார். இவர் காதில் வாங்கவில்லை. சேட்டைக் கழற்றினார். நீச்சல் கண்ணாடியை முகத்தில் மாட்டினார். கழுத்திலிருந்த பொலித்தீன் பையை எடுத்து என்னிடம் தந்தார். அந்த மூன்று மாதத்தில் அதை அவர் இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"கையிலை வைச்சிரு. பொக்கற்றுக்குள்ளை போடாதை. ரெண்டு நிமிசம்."

முன்பக்கத்தால் பாய்ந்து, சங்கிலி போன வழியே நீந்திப் போனார். முப்பது மீற்றர் தள்ளி ஒருதரம் தலை தெரிந்தது. மூச்செடுத்துக்கொண்டு கீழே போனார். அவருடைய பாதங்கள் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தன.

அப்போது போன் அடித்தது.

இலக்கம் வரவில்லை. எடுத்தேன். இரைச்சல். அதற்குள்ளே, "அண்ணை?" என்று ஒரு பெண்குரல்.

"தங்கச்சி, நான் அவற்றை கூட்டாளி. அண்ணை தண்ணிக்குள்ளை நிக்கிறார். இப்ப வந்திடுவார். வைச்சிடாதேங்கோ, வைச்சிடாதேங்கோ!"

முன்முனைக்கு ஓடினேன். அவரைப் பெயர் சொல்லிக் கத்தினேன். வெறுங்காலால் தளத்தில் உதைத்தேன். தண்ணீர் மூடிக் கிடந்தது. பிரெஞ்சுக்காரன் என்னைப் பார்த்துத் திருப்பிக் கத்தினான். போனில் அவள் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் கத்துவதை நிறுத்திக் காதில் வைத்தேன். பிள்ளை இல்லை என்றாள். அண்ணைக்குச் சொல்லாதேங்கோ, அவர் தாங்கமாட்டார், நான் வந்து நானே சொல்லுறன் என்றாள். நாங்கள் சுகம் எண்டு மட்டும் சொல்லுங்கோ என்றாள். நான் ஓம் என்றேன். அதற்குள் இரைச்சல் பெருத்து, அறுந்துபோனது. திரும்ப எடுக்க இலக்கம் இல்லை.

எவ்வளவு நேரம் என்று பிறகு போனில் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி.

அவர் மேலே வந்தார். வாய் நிறையச் சிரிப்பு. "கண்டனான்ரா! பழைய கப்பல் சங்கிலி ஒண்டு கிடக்குது. ஒவ்வொரு வளையமும் என்ரை தொடை மொத்தம். எங்கடை நங்கூரம் அதுக்குக் கீழை போய்க் கொழுவியிருக்கு. நாங்கள் எஞ்சினாலை இழுத்திருந்தால் சென்மத்துக்கும் வந்திராது. கழட்டிப்போட்டன்!"

படகு மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. டொக்டர் சுக்கானிலிருந்து எதையோ கேட்டார். இவர் ஏணியில் ஒரு காலை வைத்தபடி என் கையில் திறந்திருந்த பையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஆர்?"

"தங்கச்சி."

எப்படி மேலே வந்தார் என்று தெரியவில்லை. போனைப் பறித்துக் காதில் வைத்தார். "பிள்ளை, பிள்ளை" என்றார். செத்த போனுக்குள் தங்கச்சியை நாலைந்து தடவை அப்படிக் கூப்பிட்டார். பிறகு என் தோள்களைப் பிடித்தார். அவர் உடம்பிலிருந்து வடிந்த தண்ணீர் என் காலில் விழுந்தது.

"என்ன சொன்னவள்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லு."

"சுகமாம் அண்ணை."

"ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும்."

"பிள்ளை எங்கையாம்?"

"பக்கத்திலை நிக்கிறாள்."

அவர் என் கண்ணையே பார்த்தார். "அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் எதை நம்புவார் என்று ஒன்பது வருடம் பழகிய எனக்குத் தெரியும். "பிள்ளையின்ரை குரல் கேட்டது. அம்மா எண்டு கூப்பிட்டவள். நான் என்ரை காதாலை கேட்டனான்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு, நனைந்த தளத்தில் இருந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதார். டொக்டர் ஓடிவந்து, படகு போகிறது, படகு போகிறது என்று கத்தினார். மூன்றாந்தரம் நங்கூரத்தை நான்தான் போட்டேன். அது பிடித்ததா என்று அவர் போய்ப் பார்க்கவில்லை.

ஐந்து நாள் கழித்துச் சண்டை முடிந்தது. தெற்கே வேறொரு தீவின் துறைமுகத்தில், கரையிலிருந்த ஒரு கடையின் தொலைக்காட்சியில் பார்த்தோம். சத்தமில்லாமல் படம் மட்டும் ஓடியது. தண்ணீருக்குள்ளால் சனங்கள் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர் தொலைக்காட்சிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைக்காரி விலகச் சொல்லவில்லை. அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அவரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி மூன்று கிழமைக்குப் பிறகு, தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து அந்தத் தபால்கந்தோர்க்காரரின் மனைவி போன் எடுத்தாள். நான் அவருடைய பேஸ்மென்றில் இருந்தேன். போனைச் சத்தமாகப் போட்டார். கடைசிக்கு முதல்நாள் காலை, பங்கருக்கு வெளியே, தங்கச்சி போய்விட்டாள் என்று அந்தப் பெண் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஓம் அண்ணை. நான்தான் என்ரை சீலையாலை மூடினனான்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. போனை வைத்தார். குளியலறைக்குப் போனார். மொட்டைத் தலையோடு வெளியே வந்தார். காதோரம் வெட்டி இரத்தம் வந்திருந்தது.

"பிள்ளையைப் பற்றி அந்த மனுசி ஒண்டும் சொல்லேல்லை. தாய் போகேக்கை பிள்ளை பக்கத்திலைதானே நிண்டிருக்கும். சனத்தோடை சனமா முகாமுக்கு வந்திருக்கும்" என்றார். "நீ குரல் கேட்டனிதானே?"

நான் தலையாட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மொட்டைத் தலையோடு நின்ற மனிதரிடம், மிச்சமிருக்கிற அந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. என் மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. சோறு முன்னால் இருக்கும். கை போகாது. "என்னப்பா யோசினை?" என்பாள். வேலை என்பேன்.

ஐந்து மாதம் தேடினார். தபால்கந்தோர்க்காரரின் மனைவியைத் திரும்பப் போனில் பிடிக்க முடியவில்லை. வேலையிலிருந்து வந்ததும் ஊருக்குப் போன் எடுப்பார். பழக்கமில்லாதவர்களிடம் கெஞ்சுவார். வவுனியாவில் ஒரு பாதிரியார் அந்தப் பிள்ளையின் படத்தோடு முகாம் முகாமாகக் கூடாரம் கூடாரமாகப் போனார். பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒருவரிடம் முகாம் பட்டியல் இருக்கிறது என்று யாரோ சொல்ல, நானே இவரைக் காரில் ஏற்றிப்போனேன். நூற்றுக்கணக்கான தாள்கள். சிவப்புப் பேனையோடு பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒவ்வொருத்தியையும் கோடிட்டார். ஆள் உருகிப்போனார். யார்டில் மரம் ஏற வேண்டாம் என்று மனேச்சர் சொல்லிவிட்டார். நடுமரத்தில் ஏறவும் இறங்கவும் முடியாமல் நின்றுவிட்டார் என்பதால்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில், என் காரில் எனக்குப் பக்கத்தில் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தாயை இழந்த பிள்ளையை யாராவது தங்கள் பிள்ளை என்று பதிந்திருப்பார்கள், அதனால்தான் பெயர் வரவில்லை, முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்றார். முதல் தாளைத் திருப்பினார்.

"அண்ணை," என்றேன். "நான் பிள்ளையின்ரை குரல் கேக்கேல்லை."

அவர் பேனையை எடுக்காமல் இருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எடுத்தது, கெஞ்சினது, நான் ஓம் என்றது. சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. முன்னால் ஒரு பெண் தள்ளுவண்டியில் சாமான் நிரப்பிக்கொண்டு போனாள்.

முதல் தாளைத் திரும்ப மூடிவிட்டுக் கேட்டார். "அவள் என்ன சொல் சொன்னவள்?"

"பிள்ளை இல்லை எண்டு."

"'இல்லை'யோ, 'இல்லையாம்'மோ?"

"அண்ணை..."

"வடிவா யோசி. அவள் பாத்திருந்தால் 'இல்லை' எண்டுதான் சொல்லியிருப்பாள். என்ன சொன்னவள்?"

கண்ணை மூடினேன். தளத்தின் சூடு, இரைச்சல், பிரெஞ்சுக்காரன் கத்தினது எல்லாம் வந்தன. அவற்றுக்குள்ளே அவள் குரலும் வந்தது. பிள்ளை இல்லையாம். ஆசுப்பத்திரியிலை சொன்னவையாம். அண்ணைக்குச் சொல்லாதேங்கோ.

"இல்லையாம்" என்றேன். "ஆசுப்பத்திரி எண்டும் ஏதோ சொன்னவ."

அவர் மடியிலிருந்த தாள்கள் கீழே சரிந்தன. என் சேட்டின் கழுத்தைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அப்ப பிள்ளை தாயோடை இல்லை. ஆசுப்பத்திரியிலை இருந்திருக்கு. காயக்காரரைச் செஞ்சிலுவைக் கப்பல்லை ஏத்தினவங்கள். நான் அஞ்சு மாசம் முகாமிலை தேடினனான். முகாமிலை! கேட்டதை அப்பிடியே சொல்ல உனக்கு வாயில்லையோடா?"

கதவைத் திறந்து இறங்கிப் போனார். தாள்கள் காரிலேயே கிடந்தன. அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. யார்டில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார். மார்கழியில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று மனேச்சர்தான் சொன்னார்.

அவர் திரும்பிக் கனடாவுக்கு வரவேயில்லை. திருகோணமலையில் ஒரு சின்ன வீடு எடுத்து, மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்திக்கொண்டு இருந்தார் என்றும், பிறகு நெஞ்சு வருத்தத்தால் காலமானார் என்றும் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதுதான். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் போன மார்கழிக்கு அடுத்த தை மாதத்தில் ஒருநாள் காலை எனக்கு ஒரு போன் வந்தது. நான் யார்டில், வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் மூடிக் கட்டிய ஒரு படகுக்குள் ஹீற்றரோடு இருந்தேன். வெளியே பனி கொட்டியது.

"நான்" என்றார். சுகம் கேட்கவில்லை. நேரே விடயத்துக்கு வந்தார். கப்பல் கொண்டுபோய் இறக்கிய ஆசுப்பத்திரியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போயிருக்கிறார். பதிவேடுகளைப் பார்க்கவில்லை, கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறார். வவுனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் கண்டுபிடித்தார். பெயரை யாரோ பிழையாக எழுதியிருந்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எட்டு மாதமாக யாரும் அவளைத் தேடி வரவில்லை.

நான் ஹீற்றரை நிறுத்திவிட்டுப் போனைக் காதோடு அழுத்தினேன்.

"தாய் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "கடைசியா ஆரோடை கதைச்சவ எண்டு கேட்டாள். சொன்னன். உன்னோடை கதைக்கவேணுமாம். கேட்டதை அப்பிடியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை."

போன் கை மாறும் சத்தம். மெல்லிய குரல்.

"அங்கிள், அம்மா என்ன சொன்னவ?"

"உங்களைப் பற்றித்தான் அம்மா சொன்னவ."

"நான் செத்துப்போனன் எண்டோ?"

"ஓம் அம்மா. ஆசுப்பத்திரியிலை ஆரோ அப்பிடிச் சொல்லியிருக்கினம். மாமாவுக்குச் சொல்லவேண்டாம், தான் வந்து சொல்லுறன் எண்டவ."

அந்தப் பக்கம் வேறு பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

"அழுதவவோ?"

அப்படியே சொன்னேன். "தெரியேல்லை அம்மா. குரல் அடைச்சிருந்தது. அழுததாலையோ என்னவோ, எனக்குத் தெரியேல்லை."

"இல்லை அங்கிள்" என்றாள் அவள். "அம்மாவுக்கு எப்பவும் அப்பிடித்தான். வகுப்பிலை கத்திக் கத்தித் தொண்டை அடைச்சிடும். அதுதான் அம்மாவின்ரை குரல்."

பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று, "அழு பிள்ளை, அழு" என்று சொல்வது கேட்டது.